யாரும் வீசாத விசிறி

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பன்னிரண்டு வருஷமாகச் சாமி படம் வரைகிறேன். வரைந்து வரைந்து, கனவில்கூட மகாலட்சுமி வந்து கம்மலை மாற்றி வரையச் சொல்கிறாள். சுவரில் தொங்குவதை வரைந்தது போதும், மனுஷர் கையில் எடுத்துப் புழங்குகிற ஒன்றை வரைய வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அப்போதுதான் பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மனைவி, மகள் கல்யாணத்துக்கு நாற்பது மடக்கு விசிறி கேட்டார். பெண் வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலைக்குப் பொருத்தமாக வைத்து வீசிக்கொள்ள வேண்டுமாம். பிடித்துப்போனால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமெல்லாம் எனக்குத்தான் என்றார். சாமி மட்டும் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு, வெள்ளைத் துணி விசிறிகளை வாங்கி, தாமரையோடு ஒரு பெண்ணை வரைந்தேன். மூக்கு மடிப்பின் மேட்டில் விழாவிட்டால் முகமே கோணிவிடும். அந்த ஒரு மூக்குக்கு ஒரு வாரம் உயிர் போனது.

விருதுநகரில் கல்யாணம். முகூர்த்தம் நெருங்கும்போது மண்டபத்து ஏசி படுத்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பெண்கள் விசிறியை விரித்தார்கள். பார்த்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பத்திரமாக மடக்கிக் கைப்பையில் வைத்துவிட்டு, முந்தானையால் வீசிக்கொண்டார்கள். நாற்பது பேரும்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளியின் மனைவி வேர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தார்.

"ஏம்மா, மகாலட்சுமியக் கொண்டாந்து வேர்வைக்கு வீசச் சொல்லுதீகளே, அடுக்குமா?"

பாழாய்ப்போன கை! எதை வரைந்தாலும் அதற்குக் காலண்டர் முகம்தான் வருகிறது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"அக்கா, அது சாமி இல்ல. கண்ணாடியப் பாத்து என்னையத்தான் வரைஞ்சேன்."

அவர் விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி விசிறியைப் பார்த்தார். மூக்கு காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். முகம் தெளிந்துவிட்டது.

"நீங்கதானா? அப்பச் சரி" என்றவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இது சாமி இல்லையாம். நம்ம படம் வரையிற பிள்ளையாம். எல்லாரும் எடுத்து நல்லா வீசுங்க."

வீசினார்களே பாருங்கள்! மண்டபம் முழுக்க என் முகம் படபடத்தது. ஒரு பெரியம்மா என்னை மடக்கி முதுகு சொறிந்தார். பந்தியில் என்னை வைத்து ஈ விரட்டினார்கள். சந்தோஷப்படுவதா, சண்டைக்குப் போவதா என்று தெரியாமல் பாயசம் குடித்தேன்.

அடுத்த கல்யாணத்துக்கும் ஆர்டர் வந்தது. ஒரே நிபந்தனை, அதே முகம்தான் வேண்டுமாம். அதை வைத்துத்தான் தயங்காமல் வீச முடிகிறதாம்.