கரிச்சானுக்கு வைத்திருந்த ஃபிலிம்

எனக்குத் தருமபுரியில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவதும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதும் பிழைப்பு. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அவருடைய சைக்கிளை எடுக்கத்தான் போனேன். அதை வேறொருவர் எடுத்துவிட்டதால் ஒரு பெட்டி கேமராவை எடுத்துக்கொண்டு வந்தேன். வெறுங்கையோடு போனால் வீட்டில் பேச்சு கேட்க வேண்டுமே என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கேமராவோடு போனதற்கும் பேச்சு கேட்டேன்.

மனிதர்களைப் படமெடுத்தால், படம் எப்போது வரும் என்று தினமும் கடைக்கு வந்து நிற்பார்கள். குருவிகளிடம் அந்தத் தொந்தரவு இல்லை. நல்லம்பள்ளி சாலையில் ஒரு கிணற்றடி. அதன் கல்தூணில் கோடைக் காலையில் ஒரு குண்டுக்கரிச்சான் வந்து உட்காரும். மைனாவை விடச் சின்னது. மேலே கறுப்பு, வயிறு வெள்ளை. வாலை நிமிர்த்திக்கொண்டு அது பாடுகிற பாட்டுக்கு நம்மூர் நாகஸ்வரக்காரர்கள் காசு வாங்கவே கூச்சப்பட வேண்டும்.

தூணுக்கு எதிரே முக்காலி போட்டு, கேமராவைப் பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டி, வைக்கோல் போட்டு மூடிவிடுவேன். விசையில் கட்டிய சணல் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தள்ளி ஒரு சாக்குக்குள் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் முதலில் பயந்தார்கள். பிறகு பழகிப்போய், சாக்குக்குள் இருப்பது இன்ன சைக்கிள்காரர் என்று வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள்.

ஃபிலிமைச் சேலத்து ஸ்டுடியோவுக்கு அனுப்பிக் கழுவ வேண்டும். முதலில் வந்த படங்களில் கரிச்சான் புளியங்கொட்டை அளவு இருந்தது. பெரிதாக்கித் தரச் சொல்லி வாங்கி, பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் நீட்டினேன். அவர் யார் எதைக் காட்டினாலும் குறை சொல்லாமல் திருப்பித் தர மாட்டார்.

கறுப்புத் தலையில் வெயில் பட்டு ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் கண். அதன்மேல் விரலை வைத்தார்.

"இன்னொரு கண்ணு எங்கங்க?"

"அது அந்தப் பக்கம் இருக்குது."

"அந்தப் பக்கம் இருந்தா நமக்கு என்ன பிரயோஜனம்? ஒத்தக் கண்ணுப் படம் வூட்டுக்கு ஆகாதுங்க."

இது அவர் மட்டும் சொன்னதில்லை. படம் என்றால் நேரே பார்க்க வேண்டும், இரண்டு கண்ணும் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பது ஊரே ஒப்புக்கொண்ட சட்டம். கரிச்சானுக்குக் காது எங்கே இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

அடுத்த கோடையில் கரிச்சான் என்னை நேருக்கு நேர் பார்க்கும்வரை சாக்குக்குள் வெந்தேன். பார்த்தது, கயிற்றை இழுத்தேன். வந்த படத்தில், வரி பாக்கிக்காக வாசலில் வந்து நிற்கும் மணியக்காரரைப் போல இருந்தது. தையல்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு சரியா வந்திருக்குது. மூக்கக் காணோமே."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, பாடுகிற குருவி என்கிறீர்கள், வாயைத் திறந்த மாதிரி ஒன்றுகூட இல்லையே என்றார். அதில் நியாயம் இருந்தது.

அதற்குள் யுத்தம் வந்து ஃபிலிம் கிடைக்காமல் போயிற்று. சேலத்து ஸ்டுடியோக்காரர் கையை விரித்துவிட்டார். கேமராவுக்குள் ஒரே ஒரு படத்துக்கு இடம் மிச்சம். கரிச்சான் வாயைத் திறந்து பாடும்போது எடுப்பதற்கென்று அதை வைத்திருந்தேன். வீட்டில் யாரையும் கேமரா பக்கம் அண்டவிடவில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. தையல்காரர் பேசுவதெல்லாம் உள்ளே கேட்கும். உள்ளே என் தங்கை இருந்தாள். சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண் போய்விட்டது. அந்தக் கண்ணைச் சொல்லித்தான் அவள் கல்யாணத்துக்குப் படம் வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். கல்யாணமான ஆறு மாதத்தில் மாப்பிள்ளை பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒருநாள் லீவில் வந்த பாலக்கோட்டுச் சிப்பாய் ஒருவர் கடைக்கு வந்தார். மாப்பிள்ளையோடு ஒரே முகாமில் இருந்தவர். அங்கே எல்லாரும் பெண்டாட்டி படத்தைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், உங்கள் மாப்பிள்ளையிடம் மட்டும் இல்லை, ஒன்று அனுப்பச் சொன்னார், உயிரோடு திரும்புவோமா என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கரிச்சானை நினைத்து முதலில் வருத்தப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் காலையில் கொல்லைப்புறத்தில் முக்காலியைப் போட்டேன். ஒத்தக் கண்ணுப் படம் எடுப்பதில் எனக்கிருந்த அனுபவம் சேலம் ஜில்லாவிலேயே யாருக்கும் கிடையாது. அவளைப் பக்கவாட்டில் நிறுத்தி, வலது பக்கத்தை மட்டும் எடுத்தால் குறையே தெரியாது. யோசனையைச் சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"வேண்டாங்ணா. நேராவே எடுங்க" என்றாள்.

"கண்ணு தெரியுமே."

"அவருக்குத் தெரியாத கண்ணா? இப்பிடித் திரும்பிக்கிட்டு நின்னா, நான் கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சிக்குவாரு. அத்தன தூரத்துல இருந்துக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு?"

அவள் எதிரே வந்து நின்று கேமராவை நேரே பார்த்தாள். "அசையாதே, அசைஞ்சா போச்சு, இதுதான் கடைசி" என்று நான் நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். பிறகு விசையைத் தட்டினேன்.

படம் துல்லியமாக வந்தது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். தையல்காரர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ரவிக்கையில் தோள்பட்டை சுருங்கியிருக்கிறது, தைத்தது நான்தான் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அன்றோடு போயிற்று. படத்தை உறையில் வைத்து அனுப்பினோம்.

யுத்தம் முடிந்து மாப்பிள்ளை முழுசாகத் திரும்பி வந்தார். இலையில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்துபோயிருந்தது. அதை என் தங்கை பக்கம் நீட்டினார்.

"இதுல எதுக்கு இவ்ளோ கோவமா இருக்கற? நான் என்ன தப்பு பண்ணுனேன்னு அங்க இருந்த மட்டும் யோசிச்சிக்கிட்டே கெடந்தேன்."

"கோவமெல்லாம் இல்லீங்க" என்றாள் அவள், குழம்பை ஊற்றிக்கொண்டே. "சிரிப்புத்தான் வந்துச்சு. சிரிச்சா அசைஞ்சிரும், அண்ணனோட ஃபிலிமு வீணாயிருமேன்னு அடக்கிக்கிட்டேன்."

மாப்பிள்ளை சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.