அப்பாவின் இ.எஸ்.ஆர்.

1. முழங்கால் வலி என்று வந்த அப்பாவுக்கு நான் ரத்தம் எடுத்தேன். இ.எஸ்.ஆர். தொண்ணூறு.
2. எக்ஸ்ரேயிலும் சளியிலும் ஒன்றும் இல்லை. டிபி இல்லை என்றார்கள்.
3. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து முழுதாகப் பார்க்கும்படி டாக்டர் சொன்னார்.
4. அப்பா சேரவில்லை. மாதாமாதம் என்னிடமே வந்து ரத்தம் கொடுத்தார்.
5. ஒரு மாதம் எண் முப்பதாக இறங்கியது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.
6. நஞ்சன்கூட்டில், கட்டட வேலை நடந்த இடத்தில், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

தேவராஜ மொஹல்லாவில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது எங்கள் லேப். படித்து முடித்ததும் அங்கேதான் சேர்ந்தேன். இ.எஸ்.ஆர். எளிய சோதனை. ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நேராக நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு கீழே இறங்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இருபது மில்லிமீட்டருக்குள் இருந்தால் நார்மல். உடம்பில் அழற்சி இருந்தால் அணுக்கள் வேகமாக இறங்கும், எண் ஏறும். அழற்சியைக் காட்டும் இன்னொரு சோதனையான சி.ஆர்.பி.யும் செய்தேன். கறுப்புத் தட்டில் விட்ட துளி, திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டானது. என்ன நோய் என்று இந்த இரண்டும் சொல்லாது. உள்ளே எங்கோ எரிகிறது என்று மட்டும் சொல்லும். நோயே பிடிபடாவிட்டாலும், நெடுநாள் எரிகிற உடம்புக்கு, முக்கியமாக இதயத்துக்கு, ஆபத்து அதிகம் என்று டாக்டர்கள் அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. அவர்களைப் பொறுத்தவரை ரத்தம் கொடுப்பதே வைத்தியம். லேப்பில் வேலை செய்கிற மகள் இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு? அப்பா வேலைக்குப் போகிற வழியில், சிமெண்டு படிந்த சட்டையோடு வந்து கையை நீட்டுவார்.

"உங்கப்பா கோயில் உண்டியல்ல போடற மாதிரில்ல மாசாமாசம் ரத்தம் போட்டுட்டுப் போறாரு!" என்று லேப் முதலாளி சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார்.

"இது பாக்கறது மட்டும்தாம்ப்பா. இதுல மருந்து எதுவும் இல்ல."

"பாத்துக்கிட்டே இருந்தா சரியாயிடும் கண்ணு. நீ பாக்கறே இல்ல?"

அண்ணன் அப்போது நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ஷெட் கட்டித்தரும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தான். அப்பாதான் மேஸ்திரி. அப்பா சொன்னால்தான் ஆட்கள் கேட்பார்கள். ஆஸ்பத்திரி என்று நான் வாயெடுத்தாலே, "கான்க்ரீட் போடற நேரத்துல படுக்க வெக்கச் சொல்றியா? சும்னே எல்லாரையும் பயமுறுத்தாதே" என்பான். அப்பாவின் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டுச் சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அது ஸ்டீராய்டு. அதைப் போட்ட மாதம்தான் எண் முப்பதானது.

"பாத்தியா, இறங்கிடுச்சு."

"மாத்திரை அமுக்கி வெச்சிருக்குண்ணா. நிறுத்தினா ஏறும். உள்ளே என்னன்னு இன்னும் தெரியல. இப்பவாவது கூட்டிட்டுப் போ."

"உனக்கு ஏறினாலும் குத்தம், இறங்கினாலும் குத்தம்! அப்பா நல்லா இருக்கறது பிடிக்கலையா?"

அம்மா எனக்கும் ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். அப்பா, "ஷெட் முடியட்டும், போலாம்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார் என்று அங்கிருந்த நான்கு பேருக்கும் தெரியும்.

சாவு வீட்டில் அண்ணன் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான். "நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு போயிட்டாரு. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். எங்க தங்கச்சியே பாத்தது."

வந்தவர்கள் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்கள். முப்பது நார்மல் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் யாரிடம் சொல்வது? அதற்கு முன்னால் வந்த தொண்ணூறுகளை அவன் சொல்லவே இல்லை.

மாரடைப்பு என்று சான்றிதழ் வந்தது. எங்கே எரிந்தது, ஏன் எரிந்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. ஷெட் கட்டி முடிந்துவிட்டது. அண்ணன் குண்டலுபேட்டையில் வேறு வேலை எடுத்திருக்கிறான். அம்மா என்னோடு இருக்கிறாள். நான் அதே லேப்பில்தான் இருக்கிறேன். சொந்தக்காரர்களுக்கு ரத்தம் எடுப்பதில்லை. அண்ணனோடு பேசுவதில்லை.