பத்தாவது கல்

இன்று மதியம், கடற்காற்றில் கண் சொக்கியிருந்த நேரத்தில், ஒரு வெற்றி கிடைத்தது.

குருசுக்குப்பத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் அந்துவான். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருடம் சைகோனிலிருந்து திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்த ‘கோ’ என்கிற கல்லாட்டப் பலகையில் தினமும் ஆடுவோம். எதிராளியின் கற்களை முழுக்க வளைத்துவிட்டால் அவை செத்தவை.

நான் கற்றுக்குட்டி. அதனால் ஆட்டம் தொடங்குமுன்பே ஒன்பது கற்களை எனக்குச் சலுகையாக வைக்கச் சொல்வார். அது அந்த ஆட்டத்தின் மரியாதை.

இன்று கையில் கல்லோடு ஜன்னல் வழியே வெகுநேரம் கடலைப் பார்த்தார். அலைச் சத்தத்தில் நானும் எங்கோ போய்விட்டேன். பிறகு ஓர் ஓரத்தில் கல்லை வைத்தார். முதன்முறையாக நான் ஜெயித்தேன்.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி பலகையைப் பார்த்தார்.

“ஏங்க, இந்த மூலையில வச்சிருந்தா அண்ணன் கல்லு பூரா செத்திருக்குமே?”

“கவனிக்கல மேரி.”

“நீங்களா கவனிக்கல?”

அவர் மறுபடி கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

முகத்துக்கு நேரே கொடுத்த ஒன்பது கல் எனக்கு உறுத்தவே இல்லை. கடலைப் பார்த்தபடி கொடுத்தாரே பத்தாவது, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.