பகலில் பூட்டிக் கிடந்த தெரு

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்தில். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமத்தில் நானும் என் மகளும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நான் பக்கத்து ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியை. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மிஷின் மாட்டினால் ஏதோ சத்தம் வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான். அவளுக்கு நாலு வயதானபோது, "இதை வச்சுக்கிட்டு என்னால காலம் தள்ள முடியாது" என்று சொல்லிவிட்டு என் கணவர் மதுரைக்குப் போய்விட்டார். பெற்ற பிள்ளையை 'இது' என்றார். அதற்குப் பிறகு அவள் பிறந்தநாளுக்குக்கூட ஒரு போன் கிடையாது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிப்பவர்களுக்கு வருமான வரியில் ஒரு சலுகை உண்டு. அதை நான் வருடாவருடம் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. என்ன ஏது என்று வரி அலுவலகத்தில் போய்க் கேட்டால், அதே பிள்ளை தன்னோடு இருப்பதாகக் காட்டி இன்னொருவரும் சலுகை கேட்டிருக்கிறாராம். வேறு யார், அந்த மகராசன்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கோபப்படாதீங்கம்மா, பிள்ளை உங்ககூடத்தான் இருக்குன்னு ஆதாரம் குடுங்க, முடிஞ்சுபோச்சு" என்றார் அதிகாரி. ஆதார் அட்டையில் இருப்பது மதுரை விலாசம். ரேஷன் கார்டும் அங்கேதான். பெயரை நீக்கலாம் என்றால் அதற்கான ஓடிபி குடும்பத் தலைவரின் போனுக்குத்தான் போகுமாம். எந்தக் குடும்பத்துக்கு அவர் தலைவர் என்று எனக்கு விளங்கவில்லை. மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் வாங்கி நீட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பிள்ளை எங்க படிக்குதுன்னு சொல்லுதும்மா, எங்க தூங்குதுன்னு சொல்லலியே" என்றார். வி.ஏ.ஓ. நேரில் விசாரித்து, பிள்ளை என்னோடு வசிக்கிறாள் என்று அறிக்கை கொடுத்தால்தான் செல்லுமாம்.

சலுகை போனால் போகிறது என்று தலைமுழுகியிருப்பேன். ஆனால் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. குழந்தை தாயிடம் இல்லை என்று ஒரே ஒரு அரசாங்கக் காகிதம் சொல்லிவிட்டால் போதும், என் கணவர் அதைக் கோர்ட்டில் நீட்டி என் மகளைக் கேட்பார். வளர்ப்பதற்கு இல்லை, ஜீவனாம்சம் கொடுக்காமல் தப்பிப்பதற்கு. அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இ-சேவை மையத்தில் மனுப் போட்டேன். சில நாள் கழித்து நிராகரிப்பு என்று மெசேஜ் வந்தது. காரணத்தை வாசித்தேன். 'வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரிக்க எவருமில்லை. குழந்தை இங்கு வசிப்பதாகத் தெரியவில்லை.'

வேலை நாளில் மத்தியானம் வந்தால் வீடு பூட்டாமல் எப்படி இருக்கும்? நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். மகள் சிவகாசியில் சிறப்புப் பள்ளியில் இருப்பாள். எங்கள் தெருவில் மற்ற எல்லோருக்கும் பட்டாசு கம்பெனியில் வேலை. விடிந்தும் விடியாமல் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும், பொழுது சாயத்தான் கொண்டுவந்து இறக்கும். பகலில் எங்கள் தெருவில் ஆடும் கோழியும்தான் இருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் தெருவில் ஒருத்தருமே குடியிருக்கவில்லை. ஓட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு மட்டும் நாங்கள் எந்நேரம் வீட்டில் இருப்போம் என்று சரியாகத் தெரிகிறது.

மறுபடி மனுப் போட்டு, வி.ஏ.ஓ.வுக்குப் போன் செய்து நாள் கேட்டு, லீவு போட்டு, மகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. மறுநாள் வந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது என்று மறுபடியும் எழுதிவிட்டார். அந்த மெசேஜைப் பார்த்து ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

நோட்டீசுக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு நெருங்கிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார். இடி மின்னல் என்றால் பட்டாசு கம்பெனியிலும் வேலை கிடையாது, வெடிமருந்தைக் கையால் தொட விடமாட்டார்கள். காலையில் அடுத்த வீட்டு அக்கா வந்தார். பட்டாசுக்குத் திரி வைக்கிற வேலை செய்கிறவர். என் கதை அவருக்கு முழுக்கத் தெரியும்.

"டீச்சர், இன்னைக்குத் தெருவே வீட்டுல இருக்கு. வாங்க, அந்தாளைக் கையோட கூட்டியாந்துருவோம்" என்றார்.

நான் தயங்குவதற்குள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். குடை இருந்தவர்கள் குடையோடும், இல்லாதவர்கள் உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனோம். அவர் எங்களைப் பார்த்ததுமே, இந்த மழையில் விசாரணைக்கு வர முடியாது, மழை விட்டு வானம் வெறிக்கட்டும் என்றார்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "வெயிலடிச்சா நாங்க வேலைக்குப் போயிருவோம், வீடு பூட்டிக் கெடக்குன்னு எழுதுவீக. மழை பேஞ்சா நாங்க வீட்டுல இருப்போம், நீங்க வரமாட்டீக. அப்ப நாங்க எப்பத்தான் குடியிருக்கோம்னு ஒத்துக்கிடுவீக?"

வி.ஏ.ஓ. முணுமுணுத்துக்கொண்டே பைக்கை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுற்றிலும் பார்த்தார். மகளின் துணிமணி, புத்தகப்பை எல்லாம் இருந்தது. "இன்னைக்கு லீவுன்னு கூட்டிட்டு வந்து வச்சிருக்கலாம்ல?" என்றார். எனக்கு நாக்கு வரை வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த என் மகளைப் பார்த்து, "பாப்பா, உங்க அப்பா எங்க இருக்காரு?" என்று கேட்டார். மழை நேரத்தில் மிஷினைக் கழற்றி வைத்துவிடுவோம். அவள் திரும்பவே இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார்.

அக்கா காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். மகள் திரும்பினாள். அக்கா கையை நெற்றியில் வைத்து, விரலைச் சுழற்றி ஏதோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சைகையிலேயே பதில் சொன்னாள். வாசலில் நின்ற இன்னொரு பெண் குறுக்கே புகுந்து கைகளால் அவளைக் கேலி செய்தார். மகள் கோபித்துக்கொண்டு அவருக்கு ஒரு சைகை காட்டினாள். வாசலில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது, விழுந்து விழுந்து சிரித்தார்கள். புரியாமல் நின்றது வி.ஏ.ஓ. ஒருவர்தான்.

இவை சிறப்புப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற சைகைகள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாயங்காலங்களிலும் என் மகளும் அந்தப் பெண்களுமாகத் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டவை. தெருவில் ஒவ்வொருவருக்கும் அவள் கையாலேயே ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அவளோடு விளையாடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரு முழுக்க அவளோடு பேசுகிறது என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

"நேத்துக் கூட்டியாந்த பிள்ளைகூட இப்படிப் பேச முடியுமா சார்?" என்று கேட்டார் அக்கா.

வி.ஏ.ஓ. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார். நான் நீ என்று முன்னால் வந்தார்கள், காகிதத்தில் இடம் போதவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. வரி அலுவலகத்தில் என் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். பொய் சொன்ன என் கணவரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அது தனி, அவருக்கும் ஒரு கடிதம் போகும் என்றார்கள். அப்புறம் ஒன்று சொன்னார்கள்: இந்தச் சான்றிதழ் இந்த வருடத்துக்கு மட்டும்தான், அடுத்த வருடம் கேள்வி வந்தால் புதிதாக வாங்க வேண்டும். பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனவர் வாயால் சொன்னாலே போதும். கூட வைத்து வளர்க்கிறவள்தான் வருடாவருடம் நிரூபிக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

வரி அலுவலகத்துக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய அக்காவிடம் இதைச் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். தூக்குவாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவர் சாவகாசமாகச் சொன்னார்: "கேக்கட்டும் டீச்சர். மழை வராமலா போயிரும்?"

என் கோபம் இன்றுவரை அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம். ஆனால் என் மகள் எங்கே வசிக்கிறாள் என்று இனி யார் கேட்டாலும், 'என்னோடு' என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை, 'எங்கள் தெருவில்' என்றுதான் சொல்கிறேன்.