உதட்டைப் பார்த்துக் கேட்கிறவர்

கடைகளெல்லாம் சாத்திக் கிடந்த அந்த முதல் ஊரடங்கில், மாஸ்க் இல்லாமல் எஸ்டேட் ரோட்டுக்குப் போனால் போலீஸ் நிறுத்துகிறது என்று மண்ணூர்பேட்டை முழுக்கப் பேச்சு. மருந்துக் கடையில் மாஸ்க் இல்லை. இருந்த இடத்தில் சொன்ன விலையைக் கேட்டு என் மகன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். நான் கால் தையல் மிஷின்மேல் இருந்த துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எண்ணெய் விட்டேன். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் கட்டியிருக்கும் உள்பாவாடை என் கையால் தைத்ததுதான். ஒரு பாவாடை கூடத் தையல் விட்டுப்போச்சு என்று திரும்பி வந்ததில்லை. வாய்க்குக் கட்டும் துண்டுத் துணி எனக்கு ஒரு பெரிய வேலையா?

எலாஸ்டிக் கிடைக்கவில்லை. பாவாடை நாடா மட்டும் கட்டுக்கட்டாக இருந்தது. அதை வெட்டி நாலு மூலையிலும் வைத்துத் தைத்தேன். காதில் மாட்டாமல் தலைக்குப் பின்னால் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். காது வலிக்காது. வீட்டுக்காரரின் பழைய வேட்டி உள்பக்கம், ரவிக்கைத் துணி வெளிப்பக்கம். துணி இருந்தால் போதுமா, கிருமி சாக வேண்டாமா என்று வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த மஞ்சள் தண்ணீரில் எல்லாவற்றையும் முக்கி எடுத்து மாடியில் காய வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது கத்திரி வெயில் காலம். வேர்த்து ஊற்றியதில் போட்டவர்கள் எல்லோருக்கும் மூக்கும் கன்னமும் மஞ்சளாகிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் ஒரு ஆட்டோக்காரர் மாஸ்க்கை இறக்கித் தாடியைக் காட்டி, "ஆயா, நலங்கு வெச்சி உட்டுட்ட. பொண்ணு யாருன்னு மட்டும் சொல்லு" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் மஞ்சளை விடவில்லை. மூன்றாவது அலசலுக்குச் சாயம் நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தவர். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பெரிய மிஷின்கள். அந்தச் சத்தத்தில் நின்று நின்று, வேலையிலிருந்து நிற்பதற்கு வெகு காலம் முன்பே காது போய்விட்டது. காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம். மறுபடியும் ஷாப்புக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரே அறையில் மாமியார், நாத்தனார் எல்லோரும் இருந்தோம். அவரிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பேன். அவருக்குப் புரிந்துவிடும். காது போன பிறகும் அதே பழக்கம்தான். சண்டை போட்டால்கூட உதட்டால்தான் போடுவேன், பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. மகனும் மருமகளும் அவர் முகத்துக்கு நேராக நின்று நிறுத்திப் பேசுவார்கள். இப்படியே பல வருஷம் ஓடியதில் அவருக்குக் காது கேட்காது என்பதே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

மகன் மருந்து செய்கிற கம்பெனியில் வேலை. ஊரடங்கிலும் தினம் போய் வந்தான். நைனாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, நாமெல்லாம் வீட்டுக்குள்ளேயும் மாஸ்க் கட்டிக்கொண்டு இருப்போம் என்றான். சரி என்றுதான் நானும் கட்டினேன்.

அதிலிருந்து வீட்டுக்காரர் அடங்கிப் போனார். எதைக் கேட்டாலும் தலையாட்டினார். சோறு போடட்டுமா என்பேன், ஆட்டுவார். போட்டால், இப்போதுதானே சாப்பிட்டேன் என்பார். மோட்டார் போட்டீர்களா என்பாள் மருமகள். ஆட்டுவார். தொட்டியில் தண்ணீர் இருக்காது. வெளியே போக முடியாத ஏக்கம் என்று நாங்கள் நினைத்தோம். வயசு என்று மகன் நினைத்தான்.

அவருக்கு ஒரே ஒரு சேக்காளி. பக்கத்து மிஷினில் நின்றவர், வீடு காட்டுப்பாக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். அவருக்கும் காது அரைக்காதுதான். இரண்டு பேரும் ஷாப்பில் பேசின கை ஜாடையிலேயே பேசிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். ஊரடங்கு வந்ததும் அந்த வரவு நின்றது. அவருக்கும் மாஸ்க் தைத்து மகனிடம் கொடுத்தனுப்பினேன். மீசை பெரிசு என்று துணியைக் கொஞ்சம் அகலமாகவே வெட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் மகனுக்குப் போன் வந்தது. காட்டுப்பாக்கத்து அண்ணன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே போய்விட்டார். உடம்பை வீட்டுக்குக் கூடத் தரவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவர் மகள் அழுதாளாம்.

எனக்கு அப்போது இருமலும் தொண்டை வலியும். டெஸ்ட் எடுத்துவிட்டு, முடிவு வரும் வரைக்கும் பின்னறையில் தனியாக இருந்தேன். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. மகன் வாசல்படியில் நின்றபடியே, மாஸ்க்கை எடுக்காமல் அவரிடம் சொன்னான்.

"நைனா, காட்டுப்பாக்கத்து மாமா பூட்டாரு."

அவர் அவன் கையில் இருந்த போனைப் பார்த்தார். முகம் மலர்ந்து போயிற்று. பெரிதாகத் தலையாட்டினார்.

"வரச் சொல்லு, வரச் சொல்லு. ஞாயித்துக்கெயம தான? வரச் சொல்லு."

மகன் என் அறைக் கதவுக்கு வந்து, யாரோ புதிதாகச் சொல்லிக் கொடுத்ததுபோல, "ம்மா, நைனாக்கு காது கேக்காதில்ல" என்றான். எனக்கும் அப்போதுதான் எல்லாத் தலையாட்டலும் வரிசையாக வந்து முன்னால் நின்றன. கையில் அப்போது ஒரு மாஸ்க் வைத்து நாடா கோத்துக்கொண்டிருந்தேன். கீழே வைத்துவிட்டேன்.

மாஸ்க்கை எடுத்துவிட்டு நானே சொல்லிவிடுகிறேன் என்றான் மகன். வேண்டாம், நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் நெஞ்சு எதைத் தாங்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எழுதிக் காட்டலாம் என்றாள் மருமகள். எனக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும், அவருக்கும் அப்படித்தான். அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்று வாழ்ந்தவன் செத்த சேதியைச் சீட்டில் எழுதி நீட்டுவார்களா?

புதுப் புடவை வரும் பிளாஸ்டிக் உறையை வெட்டி, மாஸ்க் நடுவில் உதடு தெரிகிற மாதிரி வைத்துத் தைத்தேன். கட்டிக்கொண்டு கதவோரம் நின்று வாயைத் திறந்ததும் மூச்சு பட்டு வெள்ளையாகப் புகை மூடிக்கொண்டது. அவர் எட்டிப் பார்த்து, "இன்னாமே, மழைல போற பஸ் கண்ணாடி மாரி கீது" என்று சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

அவரோ ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார். வீட்டில் இஞ்சி இருக்கிறதா என்று மருமகளைக் கேட்டார், அந்த அண்ணனுக்கு இஞ்சி டீதான் பிடிக்கும். வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். அவர் ஆசையாகச் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் மகன் என்னைப் பார்த்தான்.

ஞாயிறு காலையில் முகச்சவரம் செய்து, குளித்து, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தெரு பார்த்த ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்பக்கத்தைக் கட்டியபோது மகன் அந்த ஜன்னலுக்குக் கண்ணாடிக் கதவு வைத்திருந்தான். கொல்லைப்புற வழியாகச் சுற்றி வாசலுக்குப் போனேன். வெளியே நின்று இரண்டு கதவையும் தள்ளிச் சாத்தினேன். காற்றை ஏன் அடைக்கிறாய் என்று கையை விரித்தார். நான் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தேன். பாவாடை முடிச்சு, அவசரத்துக்கு அவிழாது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மாஸ்க் கீழே இறங்கியதும் நாற்காலியிலிருந்து எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார்.

சத்தமில்லாமல் சொன்னேன். "உன் சேக்காளி பூட்டான்யா. ஆஸ்பத்திரிலயே பூட்டான்."

என் உதட்டை விட்டுக் கண் எடுக்கவில்லை. இன்னொரு தரம் சொல் என்று விரலை ஆட்டினார். சொன்னேன்.

"அன்னிக்கி புள்ள சொன்னது அதானா?"

ஆமாம் என்றேன்.

"நான் வரச் சொன்னேனே." அவருக்குக் குரல் எப்போதும் பெரிதுதான், சாத்திய கண்ணாடியைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. "செத்தவன வரச் சொன்னேனேமே."

கண்ணாடி நடுவில் இருந்தது. கையைப் பிடிக்க முடியாது, முதுகைத் தடவ முடியாது. எனக்கு இருந்தது உதடு ஒன்றுதான். உனக்குக் கேட்கவில்லை, நீ ஆசையாகத்தானே சொன்னாய், உன் சேக்காளிக்கு அது தெரியும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கையை வைத்துக்கொண்டு அழுதார். நான் நகரவில்லை. வெயில் ஏறி முதுகைச் சுட்டது.

அழுது முடித்ததும் கேட்க ஆரம்பித்தார். எத்தனை நாள் காய்ச்சல், கூட யார் இருந்தது, கொள்ளி யார் வைத்தது, அவன் பொண்டாட்டி சாப்பிட்டாளா. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். இத்தனை நாள் கேட்காமல் விட்டதெல்லாம் அன்றைக்கு ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. மகன் கம்பெனியில் என்ன நடக்கிறது, நாம் ஏன் வாயைக் கட்டிக்கொண்டு திரிகிறோம், நான் ஏன் பின்னறையில் படுக்கிறேன். அதுகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. தன்மேல் கோபம் என்று நினைத்திருக்கிறார்.

"உனுக்கும் அந்த நோவுதானா?" என்றார் கடைசியில்.

"தெரியில. ரிசல்ட்டு வரணும்."

"வந்ததும் எனுக்குத்தான் மொதல்ல சொல்லணும். இந்த ஜன்னல்ல வந்து சொல்லு. நீ சொன்னாத்தான் எனுக்கு வெளங்கும்."

எனக்கு நோய் இல்லை என்று வந்தது. சொன்னபடி ஜன்னலுக்குப் போய்த்தான் சொன்னேன். ஆனாலும் மகன் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த வரைக்கும் வீட்டுக்குள் மாஸ்க் கட்டுவதை நாங்கள் நிறுத்தவில்லை. அதனால் அன்றாடம் சமையல் ஆனதும் நான் வெளியே போய் ஜன்னலைச் சாத்துவேன், முடிச்சை அவிழ்ப்பேன். காய் என்ன, தெருவில் யார் வந்தது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாம் சொல்வேன். புரியாவிட்டால் இப்போதெல்லாம் தலையாட்டுவதில்லை, விரலை ஆட்டுவார். எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, உங்களை வீட்டுக்குள் சேர்க்கவில்லையா பாட்டி என்று பாவமாகக் கேட்டது. என் வீட்டில் என்னைச் சேர்க்காமல் இருக்க எவருக்குத் தைரியம் என்றேன்.

ஐப்பசியில் ஒரு நாள் அவர் ஏதோ கேட்க ஆரம்பித்தபோதே மழை பிடித்துக்கொண்டது. மருமகள் ஓடி வந்து குடையைக் கொடுத்துவிட்டுப் போனாள். கண்ணாடியில் தண்ணீர் வழிய வழிய, உள்ளே இருந்து அவர் துண்டால் தன் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். தண்ணீர் என் பக்கம் அல்லவா?

"உள்ள வாமே, நனையிற" என்று கத்தினார்.

முந்தானையால் என் பக்கத்தைத் துடைத்துவிட்டு, கிட்டே போய் நின்று, "நீ கேக்க வந்தத கேட்டு முடிய்யா" என்றேன்.