கைவிடப்பட்டவள் என்று எழுதிய மனு

தாலுகா ஆபீஸ் எதிரில் புளியமரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பலருக்கு நல்லது நடந்திருக்கிறது. ஒருத்தியை நானே கெடுத்தும் இருக்கிறேன்.

வடக்கனந்தல் கொளஞ்சியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் பூமாலைக்குச் சவுதியில் கட்டட வேலை. முதல் சில வருஷம் நன்றாகச் சம்பாதித்து, கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு காணி நிலத்தைத் தன் பேரில் வாங்கினான். அவள் அதில் மரவள்ளி வைத்தாள். அப்புறம் கம்பெனி படுத்துவிட்டது. மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, ஊருக்கு வரவும் வழியில்லை.

அப்போதுதான் கொழுந்தன் பச்சமுத்து அவளை என்னிடம் கூட்டிவந்தான். புருஷன் கைவிட்ட பெண்களுக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகைக்கு மனு வேண்டுமாம். பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"எல்லாரும் வாங்கிக்கினுதான் இருக்காங்க, எழுதுங்கணா" என்றான்.

'கடந்த ஐந்தாண்டுகளாக என் கணவர் என்னைக் கைவிட்டு, எவ்விதத் தொடர்புமின்றி இருக்கிறார்.' எத்தனையோ மனுவில் எழுதிய வரி, கை தானாக ஓடியது. எழுத்து தெரியாத கொளஞ்சி கைநாட்டு வைத்தாள். பச்சமுத்து சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

போன தை மாதம் பூமாலை அங்கே கிடைத்த கூலி வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். உடல் வந்து சேர நாற்பது நாள் ஆயிற்று. பெட்டியோடு வந்த இறப்புச் சான்றிதழை வைத்து அவள் வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுத்தாள். தாய் தகப்பன் இல்லாதவனுக்கு அவள் ஒருத்திதான் வாரிசு. அந்தச் சான்றிதழ் வந்தால்தான் பட்டா அவள் பேருக்கு மாறும்.

பச்சமுத்து ஆட்சேபணை மனு போட்டான். அண்ணன் அவளை எப்போதோ பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டானாம், அவள் மனைவியே இல்லையாம், தான்தான் வாரிசாம். ஆதாரமாக நான் எழுதிய அந்த மனுவின் நகலை வைத்திருந்தான். படுபாவி, அன்றைக்கே இதை நினைத்துத்தான் கூட்டிவந்தானோ என்னவோ.

கொளஞ்சி கண்ணாடி உடைந்த போனை என்னிடம் நீட்டினாள். உதவித்தொகை மனு எழுதுவதற்கு முன்னால் பூமாலை அனுப்பிய குரல் அதில் இருந்தது.

"இன்னா கொளஞ்சி, வுட்டுட்டு ஓடிப்பூட்டான்னு எழுதிக் குடு. எழுதிட்டா ஓடிப்பூட்டவன் ஆயிடுவனா? நீ கஞ்சி குடிக்கணும்ல?" சொல்லிவிட்டுச் சிரிக்கிறான்.

"இதப் போட்டுக் காட்டினா பொண்டாட்டின்னு தெரியும். பொய் சொல்லிப் பணம் வாங்கனதும் தெரிஞ்சிடும். வேணாம்மா" என்றேன். உண்மையில் நான் பயந்தது எனக்காக.

"தெரியட்டும்ணா. இன்னா தண்டனையோ குடுக்கட்டும். அவுரு ஒழைச்சு வாங்கன மண்ணு. அத வுட்டா நான் எங்க போவேன்?"

தாசில்தார் முன்னால் போட்டுக் காட்டினாள். புருஷனின் சிரிப்பு அந்த அறையில் கேட்டதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பச்சமுத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். தாசில்தார் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

"நீங்க சொல்றது நெசமாத்தாம்மா இருக்கும். ஆனா தகராறுன்னு வந்துட்டா நான் முடிவு பண்ண முடியாது, கோர்ட்டுக்குத்தான் போவணும். உதவித்தொகைய இன்னியோட நிறுத்திடுவோம். வாங்கனதயும் திருப்பிக் கட்டணும்."

கேஸ் நடக்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. போன வாரம் பச்சமுத்து ஆள் வைத்து, அவள் நட்ட மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றினான். தடுக்கப் போனவளிடம், "நீ ஆரு? தாள் இருந்தா காட்டு" என்றானாம்.

அதை என்னிடம் வந்து சொன்னாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பூமாலை அவளை விட்டானா இல்லையா என்று சொல்ல அரசாங்கத்திடம் இருப்பது ஒரே தாள். அது என் கையெழுத்தில் இருக்கிறது.