ஸ்டெய்ன்வோர் நாயைக் கொடுத்தாள்

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பாவின் பண்ணையைத் தானே கட்டி ஆண்டவள் ஸ்டெய்ன்வோர். செப்டம்பர் வந்தால் பள்ளத்தாக்கே ஒன்றாகக் குதிரையேறி, கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளை இறக்கி வரும். இவள் மட்டும் பதினொரு வருஷமாக ஒரு குதிரை, ஒரு நாய் என்று தனியாகப் போனாள். திமிர் பிடித்தவள் என்றது ஊர். சொல்லிவிட்டுப் போகட்டும், அவளுக்குக் காரணம் இருந்தது.

ஆட்களை நடத்திப் போகிறவனை மலைராஜா என்பார்கள். அதற்கு முன், பனி முந்திக்கொண்டு கொட்டிய ஒரு வருஷம் மலைராஜாவாகப் போனவன் பக்கத்துப் பண்ணை ஹால்வர். "வடக்கு ஓடையில ஒரு ஆடுகூட இல்லக்கா. நல்லாப் பாத்தாச்சு" என்றான். பனி உருகியதும் அதே ஓடையோரம் பதினெட்டு ஆடுகள் செத்துக் கிடந்தன. காதில் அவள் வெட்டிய அடையாளம்.

"ஆண்டவர நம்புறேன், அது போதும். மனுஷங்க சகவாசமே வேண்டாம்" என்று போதகர் அர்ன்தீஸின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

அர்ன்தீஸும் லேசுப்பட்டவள் இல்லை. "மூணு தடவ ஆண்டவரத் தெரியாதுன்னு சாதிச்ச பேதுருகிட்டதான் அவர் தன் ஆடுகள ஒப்படைச்சார். அவரு நம்புவாரு, நீங்க நம்ப மாட்டீங்க. நல்லாயிருக்குக்கா!"

"பேதுரு செஞ்சத நெனச்சு அழுதான், போதகரம்மா. ஹால்வர் எங்க அழுதான்?"



இந்த ஆகஸ்டில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து ஸ்டெய்ன்வோருக்குக் கால் முறிந்தது. மலையில் வடக்கு ஓடைப் பக்கம் அவளுடைய அறுபது ஆடுகள். அவள் பிழைப்பே அதுதான். செப்டம்பரில், வானம் கறுத்த ஒரு காலையில் ஹால்வர் வாசலில் வந்து நின்றான்.

"நாயக் குடுக்கா. உன் ஆடு எங்க ஒதுங்கும்னு அதுக்குத்தான் தெரியும்."

"உன்ன நம்பச் சொல்றியா?"

"நம்ப வேண்டாம். நாயக் குடு."

இவனை அனுப்பினால் ஆடும் போகலாம், நாயும் போகலாம். அனுப்பாவிட்டால் ஆடு நிச்சயம் போகும். 'உமக்காகத்தான் குடுக்குறேன், இவனுக்காக இல்ல' என்று ஆண்டவரிடம் சண்டை போட்டுக்கொண்டே கயிற்றை நீட்டினாள்.

மூன்றாம் நாள், காது பார்த்து ஆடு பிரிக்கும் வட்டப் பட்டியில் ஊரே கூடியிருந்தது. ஊன்றுகோலோடு அவளும் போனாள். ஹால்வர் நாயோடு வந்தான். ஐம்பத்தெட்டு ஆடுகள்.

"ரெண்டு மலை மேலயே இருக்குக்கா" என்றான், எல்லார் காதிலும் விழ. "பாற இடுக்குல கத்துச்சு, கேட்டேன். பனி கண்ண மறைச்சிருச்சு. பயந்து திரும்பிட்டேன்." நாயின் கயிற்றை அவளிடம் நீட்டினான். "பதினெட்டு ஆடு செத்த அன்னிக்கும் பயம்தான். ஓடப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்கல. பொய் சொன்னேன்."

வேலிமேல் உட்கார்ந்திருந்த ஊர்க்காரன் கெஸ்தூர் சிரித்தான். "போயும் போயும் இவன நம்பினியே!"

ஸ்டெய்ன்வோருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "வாய மூடுடா! பயந்தேன்னு இத்தன பேர் முன்னாடி சொன்னானே, நீ சொல்லுவியா? ஆமா, நம்பினேன். இன்னமும் நம்புவேன். உனக்கென்ன?"

பிறகு ஹால்வர் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கவேயில்லை.

"வெளிச்சம் வந்ததும் மறுபடி போ. நாயையும் கூட்டிட்டுப் போ. செத்துப்போச்சுன்னு நீ வந்து சொன்னா, நான் போய்ப் பாக்க மாட்டேன்."